எண்ணூறு வெள்ளித் தாய்மாமன்

1 ஜூலை 2025, செவ்வாய்

நாட்டுக்கு அறுபது வயது, எனக்கு அறுபத்தாறு. நாட்டைவிட மூத்தவன் என்ற முறையில் அரசாங்கம் எனக்குக் கடைகளில் செலவழிக்க எண்ணூறு வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு கொடுத்திருக்கிறது. என்னைவிடச் சின்னப் பையன்களுக்கெல்லாம் அறுநூறுதானாம், அதுவும் பிறகுதானாம். முதலில் மூத்தவர்களுக்கு. அந்த மரியாதை இந்த ஊரில் இன்னும் இருக்கிறது.

காலையிலேயே கைப்பேசியில் எடுத்துவிட்டேன். சிங்கப்பூரிலேயே முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். தேநீர்க்கடை அப்துல் அலீமிடம் காட்டினேன். "அண்ணே, தீவுல இருக்கிற எல்லாப் பெருசுங்களுக்கும் இன்னைக்குத்தான் லா குடுக்கிறாங்க" என்றான். கொடுக்கலாம். ஆனால் எனக்குக் கொடுத்த மாதிரியா கொடுத்திருப்பார்கள்?

இந்த எண்ணூறு போக, சம்பளம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் மேலே போட்டுக் கொடுக்கும் ஒர்க்ஃபேர் பணமும் எனக்கு மாதாமாதம் வருகிறது. அதை நான் அலீமிடம் ஊக்கத்தொகை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊக்கமாகத்தானே இருக்கிறது. தேக்கா உணவு நிலையத்தில் சாப்பிட்ட தட்டுகள் வந்து சேரும் இடம் முழுவதும் என் பொறுப்பு. நான் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் லிட்டில் இந்தியாவே பசியோடு நிற்கும். இதை மேலிடம் உணர்ந்திருக்கிறது.

6 ஜூலை, ஞாயிறு

உட்லண்ட்ஸ் போயிருந்தேன், வைஷாலி வீட்டுக்கு. என் அக்கா மகள். அக்கா போனபின் அவளுக்கு நான், எனக்கு அவள். கல்யாணம் என்ற தொல்லையில் நான் மாட்டவில்லை. பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள், அது வேறு கதை.

வைஷாலி வீட்டுக்காரன் திலீப் மோட்டார்சைக்கிளில் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். முதுகுத்தண்டில் வட்டு விலகி, ஏப்ரலிலிருந்து படுக்கை. சொந்தமாக ஓட்டுகிறவனுக்கு மருத்துவ விடுப்பு என்று யார் சம்பளம் கொடுப்பது? வைஷாலி ஒரு ரொட்டிக்கடையில் அரைநாள் வேலை. முழுநாள் போகலாம் என்றால் மகள் யாழினி முதலாம் வகுப்பு, பள்ளி விட்டால் கூட்டிவர ஆளில்லை. திலீப் தன் காலுறையைத் தானே போட முடியாமல் இருக்கிறான்.

அரசாங்கத்தின் காம்கேர் உதவிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அவன் எழுந்து நடமாடும் வரை சில மாதம் கையில் பணம் தருவார்கள். சமூகச் சேவை அலுவலகத்தில் நேரில் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். "தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு மாமா. நீங்க சும்மா கூட வந்து உக்காருங்க, போதும்" என்றாள்.

சும்மா உட்காருவதா? நானா?

15 ஜூலை, செவ்வாய்

வெற்றி! விடுப்பு எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, விரலில் மோதிரத்தை மாட்டிக்கொண்டு போனேன். அதிகாரி ஒரு தமிழ்ப் பெண், பெயர் ஜெனிவீவ். கழுத்தில் சின்னச் சிலுவை. வைஷாலியைவிட இளையவள், ஆனால் பேச்சில் நல்ல பக்குவம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். (கதவைச் சாத்துவதற்காகவும் எழுந்திருக்கலாம்.)

திலீப்பின் மருத்துவச் சீட்டைப் பார்த்தாள், வீட்டுச் செலவைக் கேட்டாள். வைஷாலி ஒவ்வொன்றுக்கும் மெல்லிய குரலில் பதில் சொன்னாள். அதுவரை நான் சும்மாதான் இருந்தேன். பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "ஃபேமிலி சைட்ல யாராவது ஹெல்ப் பண்றாங்களாக்கா?"

வைஷாலி சொன்னாள்: "இல்ல மிஸ். யாரும் இல்ல."

யாரும் இல்லை! நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைச் சட்டையோடு. தாய்மாமன். யாழினிக்குக் காது குத்தியது யார் மடியில்? அக்கா மேலிருந்து பார்த்தால் என்ன நினைப்பாள்?

"ஏன் இல்ல?" என்றேன். "நான் இருக்கேன்ல. தேக்காவில சூப்பர்வைசர். மாசாமாசம் எண்ணூறு வெள்ளி குடுக்கிறேன். அரிசி பருப்பு தனி."

ஏன் எண்ணூறு? நாக்கில் அதுதான் இருந்தது.

அதிகாரி என்னை உற்றுப் பார்த்தாள். "ரெகுலராவா அங்கிள்?" "கடிகாரம் தவறினாலும் நான் தவற மாட்டேன்" என்றேன். உடனே கணினியில் ஏற்றிக்கொண்டாள். நான் சொன்னதை இவ்வளவு கவனமாக யாரும் எழுதிக்கொண்டதில்லை.

வைஷாலி என்னைப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. உருகிப்போய்விட்டது பிள்ளை.

16 ஜூலை

அலீமிடம் நடந்ததைச் சொன்னேன். நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் இனாமாகக் கொடுத்தான். சரி, காசு வாங்கிக்கொண்டான். ஆனால் மரியாதையாக வாங்கினான்.

28 ஜூலை, திங்கள்

வைஷாலி கூப்பிட்டாள். அந்த அலுவலகத்திலிருந்து பேசினார்களாம். மாமா கொடுக்கும் பணம் எந்தக் கணக்கில் வருகிறது, இவள் வங்கித் தாளில் காணோமே என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீ என்ன சொன்ன?"

"கையில குடுப்பாருன்னு சொல்லிட்டேன் மாமா. வேற என்ன சொல்றது? மாமா சும்மா சொன்னாருன்னா சொல்ல முடியும்?"

சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சொல்ல மாட்டாள். மூன்றாம் மனிதர் முன்னால் மாமனை விட்டுக்கொடுக்காத பிள்ளையாக வளர்த்திருக்கிறாள் அக்கா. அதை நினைத்துப் பெருமையாக இருந்தது. இருந்தாலும் கைப்பேசியில் என் வங்கிக் கணக்கை இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

வழி பிறந்தது!

பொருள் சேவை வரிக்கு ஈடாக வருஷா வருஷம் ஆகஸ்டில் அரசாங்கம் போடும் பணம் என் கணக்கில் விழுந்தது. எண்ணூறும் சில்லறையும். எண்ணூறு! இதற்கு மேல் தெய்வம் வந்து நேரில் சொல்லுமா? வைஷாலிக்கும் திலீப்புக்கும் வந்த பணம் வாடகைக்கும் மருத்துவமனைக்கும் போய்விட்டதாம். ஆகவே மதியச் சாப்பாட்டு நேரத்தில் எண்ணூறையும் அப்படியே அவள் கணக்குக்கு அனுப்பினேன். குறிப்பு எழுதும் இடத்தில் 'தாய்மாமன்' என்று எழுதினேன்.

இனி யாரும் என்னைப் பொய் சொன்னவன் என்று சொல்ல முடியாது. சொன்னது முதலில், செய்தது பிறகு. பெரிய ஆட்கள் எல்லாரும் அப்படித்தான்.

அடுத்த மாதத்துக்கு என்ன செய்வது? அடுத்த மாதம் வரட்டும்.

9 ஆகஸ்ட்

தேசிய தினம். வேலை முடித்து வரும்போது தலைக்கு மேல் விமானங்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் எல்லாரும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நானும் கை அசைத்தேன். ஒரு விமானம் சற்றுச் சாய்ந்தது. அலீம் நம்பவில்லை.

பணத்துக்கு வைஷாலியிடமிருந்து 'நன்றி மாமா' என்று இரண்டு சொல் வந்தது, அவ்வளவுதான்.

20 ஆகஸ்ட், புதன்

இன்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மத்தியானக் கூட்டம் குறைந்த நேரம். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வைஷாலி. ரொட்டிக்கடைச் சீருடையோடு அப்படியே வந்திருக்கிறாள். பூந்துடைப்பம், வாளி, எச்சில் தட்டு, நடுவில் நான். இந்த இடத்துக்கு அவளை நான் கூட்டிவந்ததே இல்லை.

"ஏம்மா, சாப்டியா? அலீம், பிள்ளைக்கு ஒரு..."

"ஒண்ணும் வேணாம் மாமா. ஏன் மாமா அந்தக் காசை அனுப்புனீங்க?"

"கேட்டாங்கல்ல..."

"கேட்டது நெசமா இல்லையான்னு தெரிஞ்சிக்க. இப்ப நெசமாயிருச்சு! பேங்க் தாள்ல தாய்மாமன்னு பேரோட இருக்கு. எண்ணூறு வருமானம்னு சேத்துக் கணக்குப் போட்டா எங்களுக்குக் கெடைக்கிறது ரொம்பக் குறையும், இல்லன்னா இல்லவே இல்லன்னு அந்த மிஸ் சொல்றாங்க. இன்னும் முடிவு பண்ணல, ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்கன்னாங்க. நான் என்ன மாத்துறது? ஒங்கள எப்படி மாத்துறது?"

எதிர்க்கடையில் அலீம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான்.

பிறகுதான் அவள் முக்கியமானதைச் சொன்னாள். திலீப் திங்கட்கிழமை வண்டியை எடுக்கப் போகிறானாம். இன்னும் இரண்டு மாதம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது ஓட்டி மறுபடி வட்டு விலகினால் அறுவைச் சிகிச்சை, அப்புறம் ஓட்டுவானோ மாட்டானோ. "காசு வராது போலன்னு தெரிஞ்சதுலேர்ந்து மனுஷன் படுக்கையிலேயே இருக்க மாட்டேங்கிறாரு. நேத்து ஹெல்மெட்டைத் தொடச்சி வச்சிட்டாரு மாமா."

போய்விட்டாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அலீம் வந்து பக்கத்தில் நின்றான். அவன் கிண்டல் செய்வான் என்று பார்த்தேன். செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

21 ஆகஸ்ட்

சேதுபதி, என்னை நானே கேட்கிறேன். ஒரு மனுஷனுக்கு வாய் இருக்கலாம். அதற்காக இப்படியா?

22 ஆகஸ்ட், வெள்ளி

போய்விட்டு வந்தேன். வைஷாலிக்குச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை போடவில்லை, வேலைச் சட்டையோடு போனேன். போன மாதச் சம்பளச் சீட்டு பையில்.

அந்த ஜெனிவீவ் பெண் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"மிஸ், அன்னைக்கு நான் சொன்ன எண்ணூறுல ஒரு பூஜ்யம் கூடிப்போச்சு."

"அப்ப எண்பது வெள்ளியா அங்கிள்?"

"இன்னொரு பூஜ்யமும் கூடிருச்சு."

"எட்டு வெள்ளியா?"

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தேன். காற்றாடி இல்லை, குளிர்சாதனம்தான். "எட்டும் கூடிருச்சு மிஸ்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். சம்பளச் சீட்டை எடுத்து வைத்தேன். பார்த்தாள். ஒர்க்ஃபேர் வருகிறதா என்று கேட்டாள். "மாசாமாசம் தவறாம வருது மிஸ்" என்றேன். ஊக்கத்தொகை என்று சொல்ல வாய் வந்தது, அடக்கினேன். ஆகஸ்டில் அனுப்பிய பணம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டபோது, "கவர்மென்ட் எனக்குக் குடுத்ததை நான் அவளுக்குக் குடுத்தேன், அதைக் காட்டி கவர்மென்ட் அவளுக்குக் குடுக்காம விட்டுரும்போல இருக்கு" என்று சொல்லிவிட்டேன். இந்த முறை சிரித்தேவிட்டாள்.

"அன்னைக்கு ஏன் அங்கிள் அப்படிச் சொன்னீங்க?"

"தாய்மாமன் பக்கத்துல உக்காந்திருக்கேன். பிள்ளை யாருமே இல்லங்குது. அப்ப நான் என்ன மிஸ், நாற்காலியா?"

பேனாவைக் கீழே வைத்தாள். "நான் காசைத்தான் கேட்டேன் அங்கிள். ஆளைக் கேக்கல. வைஷாலி அக்காவும் காசுக்குத்தான் பதில் சொன்னாங்க."

இதை எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஒரு தடவை கொடுத்த பணம் ஒரு தடவை கொடுத்ததாகத்தான் கணக்கில் வரும், மாத வருமானம் ஆகாது, நீங்கள் சொன்னதைத் திருத்தி மேலே அனுப்புகிறேன், முடிவு மேலே இருப்பவர்கள் கையில் என்றாள். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுந்து வரும்போது இன்னொன்று சொன்னாள்: "இங்க வர்றவங்க இருக்கிறதைக் கொறைச்சுச் சொல்லிப் பாத்திருக்கேன். இல்லாததைக் குடுக்கிறேன்னு சொன்னவர் நீங்கதான் அங்கிள்."

அந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே நான் ஒருவன்தான். இதை அலீமிடம் எப்படிச் சொல்வது என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

23 ஆகஸ்ட், சனி

உட்லண்ட்ஸ். திலீப் நிற்கிறான், ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு. திங்கட்கிழமை போவது உறுதி என்றான். அலுவலகத்துக்குப் போய் வந்ததைச் சொன்னேன். முடிவு வரும்வரை பொறு என்றேன்.

"வரலைன்னா என்ன மாமா செய்றது? நீங்க எண்ணூறு தருவீங்களா?" என்றான். வைஷாலி "ஏங்க!" என்று அதட்டினாள்.

கேட்க வேண்டியதைத்தான் கேட்டான். அலமாரி மேல் இருந்த வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"மாமா, அதக் குடுங்க."

"வந்து எடுத்துக்க. பையில இல்ல, இந்தா, தரையில வைக்கிறேன். குனிஞ்சு எடு பாப்போம்."

தரையில் வைத்தேன். அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். யாழினி ஓடிவந்து எடுத்து அவனிடம் கொடுக்கப் போனாள், வைஷாலி அவளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திலீப் சோபாவில் மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்து, "கொண்டு போங்க" என்றான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவனுக்கும் மானம் உண்டு. எனக்கு மட்டுமா இருக்கிறது?

8 செப்டம்பர், திங்கள்

வந்துவிட்டது! காம்கேர் உதவி, மூன்று மாதத்துக்கு. இந்த மாதத்திலிருந்தே. வைஷாலி போனில் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். திலீப் போனை வாங்கி, "சாவி பத்திரமா இருக்கா மாமா?" என்றான். வங்கிப் பெட்டகத்தில் என்றேன். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

பிறகு வைஷாலி சொன்னாள்: "மாமா, இனிமே காசு அனுப்பாதீங்க. வேற ஒண்ணு கேக்கட்டுமா?"

கேள் என்றேன். சிங்கப்பூர் ஆற்றை வாங்கிக் கொடு என்றாலும் சரி என்றிருப்பேன்.

"யாழினியை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர்றீங்களா? முழுநாள் வேலைக்கு வான்னு ரொட்டிக்கடையில கேக்கிறாங்க. பள்ளி மாணவர் பராமரிப்பு நிலையத்துல ஜனவரிக்குத்தான் எடம் கெடைக்கும்."

மேற்பார்வையாளரிடம் போய் அதிகாலை ஷிஃப்டு கேட்டேன். "அங்கிள், அதை யாருமே கேக்க மாட்டாங்களே" என்றார். எல்லாரும் கேட்பதையா சேதுபதி கேட்பான்?

15 செப்டம்பர், திங்கள்

முதல் நாள். இருட்டோடு வேலை தொடங்கி, முடித்து, நியூட்டனில் ரயில் மாறி, பள்ளி வாசலில் போய் நின்றேன். வீட்டு உதவிப் பெண்கள், பாட்டிமார்கள், நடுவில் ஆண்பிள்ளை என்று பார்த்தால் நானும் இன்னொருவரும்தான். நான் கொஞ்சம் உயரம்.

யாழினி ஒரு சீனப் பிள்ளையோடு வந்தாள். என்னைக் காட்டி அதனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அது வாயைப் பிளந்தது. "என்னடா சொன்ன?" என்று கேட்டேன்.

"தேக்கா முழுக்க உங்களோடதுன்னு சொன்னேன் தாத்தா."

தூக்கிவாரிப் போட்டது. "அப்படிச் சொல்லக் கூடாதும்மா" என்றேன். "நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். சொல்லியிருப்பேன். முழுக்க என்று சொல்லியிருக்க மாட்டேன். பாதி என்றிருப்பேன்.

3 அக்டோபர்

பள்ளி இல்லை, குழந்தைகள் தினம். போக வேண்டாம் என்று தெரிந்தும் நியூட்டன் வரை போய்விட்டேன். பழக்கம்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. திலீப் குனிந்து என் காலைத் தொட்டான். முழுசாகக் குனிந்தான், முழுசாக எழுந்தான், அ என்றோ ஊ என்றோ ஒரு சத்தம் இல்லை. நான் ஆசீர்வாதம் பண்ணுவதை மறந்து எண்ணெய் வைத்த தலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாவியைக் கையில் கொடுத்தேன். டாக்டர் மாதக் கடைசியில் ஓட்டலாம் என்றிருக்கிறாராம், பாரம் தூக்காமல், பாதி நேரம்.

வைஷாலி எனக்கு ஒரு சட்டை எடுத்திருந்தாள். முழுநாள் வேலையின் முதல் சம்பளத்தில். நீல நிறம். கடையில் இருந்ததிலேயே விலை கூடியதாகத்தான் இருக்கும்.

12 நவம்பர், புதன்

தேக்காவில் ராமலிங்கத்தைப் பார்த்தேன். முன்பு பக்கத்து வீட்டில் இருந்தவன், இப்போது குடியிருப்பது பூன் லேயில். உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். தங்கச்சி மகன் படிப்புக்கு இவன்தான் கட்டுகிறானாம், அவனுக்குக் கார் ஓட்டும் உரிமம் எடுக்கவும் இவன்தானாம். அலீம் தேநீரை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தான். என் முறை என்று அவனுக்குத் தெரியும்.

"நீ என்னப்பா செய்ற, ஒன் அக்கா மகளுக்கு?"

"நான் என்ன செய்றது? அவதான் எனக்குச் செய்றா" என்றேன். "தெனமும் அவ வீட்டுலதான் மத்தியானச் சாப்பாடு. சட்டை அவ எடுத்துக் குடுத்தது. காம்கேர் இந்த மாசத்தோட போதும், ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம்னு அவளே ஆபீசுக்குச் சொல்லிட்டா. வேற யாருக்கு இருக்கு இப்படி ஒரு பிள்ளை?"

ராமலிங்கம் முழித்தான். அலீம் தேநீரைக் கொண்டுவந்து வைத்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். "காய்ச்சல் இல்லையே அண்ணே."

அந்தத் தேநீருக்குக் காசு வாங்கவில்லை. இது நிஜம்.

பள்ளி விடும் நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டேன். இன்று வைஷாலி மீன் குழம்பு வைத்திருந்தாள். திலீப் முதல் தடவையாக மத்தியானம் வேலையில் இருந்ததால் நானும் யாழினியும் மட்டும் சாப்பிட்டோம். அவள் முள் எடுத்துத் தரச் சொன்னாள், எடுத்துக் கொடுத்தேன். அந்த மீன் என் கை நீளம் இருக்கும். கை இல்லை, முழங்கை.